நாஷுவா டாட்ஜர்ஸ் (1946–1949): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ஊர், எந்த அணி?

நாஷுவா, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துத் தென் எல்லையில் இருக்கும் ஆலை நகரம். பாஸ்டனிலிருந்து ஏறக்குறைய 65 கிலோமீட்டர். நாஷுவா ஆற்றங்கரையில் வரிசையாக நின்ற பஞ்சாலைகளை நம்பித்தான் ஊர் பிழைத்தது. 1940 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 33,000-க்குச் சற்றுக் குறைவு. அதில் கணிசமானோர் கனடாவின் கியூபெக்கிலிருந்து ஆலை வேலைக்கு வந்து தங்கிவிட்ட, பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கக் குடும்பத்தினர்.

இந்த ஊரில் 1946 முதல் 1949 வரை நான்கு பருவங்கள் ஆடிய பேஸ்பால் அணிதான் நாஷுவா டாட்ஜர்ஸ். நியூயார்க்கின் மேஜர் லீக் அணியான புரூக்ளின் டாட்ஜர்ஸின் துணை அணி. நியூ இங்கிலாந்து லீக்கில் ஆடியது. அந்த லீக்கின் தரம் 'பி'.

மைனர் லீக், 'பி' தரம் என்றால் என்ன?

அமெரிக்க பேஸ்பாலின் உச்சியில் மேஜர் லீக். அன்று அதில் 16 அணிகளே. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் மைனர் லீக். 1946-இல் அந்தப் படிக்கட்டு மேலிருந்து கீழாக இப்படி இருந்தது: டிரிபிள் ஏ, டபுள் ஏ, ஏ, பி, சி, டி. பள்ளி முடித்த பையன் 'டி'யில் சேர்ந்து, ஆண்டுக்கு ஒரு படி ஏறினால் அதிர்ஷ்டசாலி. நாஷுவா இருந்தது கீழிருந்து மூன்றாம் படியில்.

படிக்கட்டைவிட முக்கியமானது சம்பளம் யார் கொடுத்தார்கள் என்பது. சிறு நகர அணிகள் பலவற்றில் வீரர்களின் ஒப்பந்தம் மேஜர் லீக் அணியின் கையில் இருந்தது. ஊர் தந்தது மைதானத்தையும் டிக்கெட் வாங்கும் கூட்டத்தையும். தாய் அணியின் பணம், ஊரின் நுழைவுச்சீட்டு வசூல் என இரண்டு கால்களில் நின்ற ஏற்பாடு அது. இரண்டில் ஒன்று தளர்ந்தாலும் அணி விழும். நாஷுவா அணி பிறந்ததையும் மறைந்ததையும் புரிந்துகொள்ள இது போதும்.

நான்கே ஆண்டு ஆடிய அணியை இன்னும் ஏன் பேசுகிறார்கள்?

1946-இல் இந்த அணியில் இரண்டு கறுப்பின வீரர்கள் ஆடினார்கள்: கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) ராய் கேம்பனெல்லா, பிட்சர் (பந்து வீசுபவர்) டான் நியூகம்ப். 20-ஆம் நூற்றாண்டில், அமெரிக்க மண்ணைத் தலைமையிடமாகக் கொண்ட லீக் அணி ஒன்றில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஆடியது இங்கேதான் முதலில்.

அப்படியென்றால் ஜாக்கி ராபின்சன்?

கேட்க வேண்டிய கேள்விதான். நிறத்தடையை உடைத்தவர் என்று பெயர்பெற்ற ராபின்சன் மேஜர் லீக்கில் முதலில் ஆடியது 1947-இல். அதற்கு முந்தைய ஆண்டு, 1946 ஏப்ரல் 18 அன்று, புரூக்ளினின் இன்னொரு துணை அணியான மாண்ட்ரியால் ராயல்ஸுக்காக மைனர் லீக்கில் முதல் ஆட்டம் ஆடினார். அந்த ஆட்டம் நடந்தது அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில், ஆனால் அவருடைய அணியின் ஊர் கனடாவில். அதே ஆண்டு புரூக்ளின் ஒப்பந்தத்தில் இருந்த இன்னும் இரண்டு கறுப்பின வீரர்கள், ஜான் ரைட்டும் ராய் பார்ட்லோவும், ஆடிய துருவா ரிவியேர் அணியும் கனடாதான். ஆக 1946-இல் புரூக்ளின் ஒப்பந்தம் செய்த ஐந்து கறுப்பினரில் மூவர் எல்லைக்கு வடக்கே, இருவர் நாஷுவாவில்.

'20-ஆம் நூற்றாண்டில்' என்ற நிபந்தனையை விட்டுவிட்டு எழுதுகிறவர்கள் உண்டு. அது பிழை. 1880-களின் இறுதியில்தான் அணி முதலாளிகள் எழுதாத உடன்பாடாகக் கறுப்பினரை ஒதுக்கினார்கள். அதற்கு முன் பட் ஃபவ்லர் 1878-இல் மாசசூசெட்ஸின் லின் நகர அணிக்குப் பந்து வீசியிருக்கிறார். மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் 1884-இல் டொலீடோ அணிக்காக அன்றைய மேஜர் லீக்கிலேயே ஆடியிருக்கிறார். லின் நகரத்தின் பெயரை நினைவில் வையுங்கள், கீழே திரும்ப வரும்.

ஏன் நாஷுவா?

வேறு ஊர் மறுத்ததால். புரூக்ளினின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி இந்த இருவரையும் முதலில் அனுப்ப நினைத்தது இலினாய் மாநிலத்தின் டான்வில் அணிக்கு. கறுப்பின வீரர் வந்தால் லீக்கையே நிறுத்திவிடுவோம் என்ற அளவுக்கு அங்கிருந்து எதிர்ப்பு வந்தது. தெற்கு மாநிலங்களை நினைத்துப் பார்க்கவே முடியாது: அதே வசந்த காலத்தில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில், ராபின்சன் ஆடுவார் என்பதற்காகப் பயிற்சி ஆட்டமே ரத்தானது.

நியூ இங்கிலாந்து லீக் போருக்குப் பிறகு அப்போதுதான் மீண்டும் தொழில்முறை லீக்காகத் தொடங்கியிருந்தது. அங்கே அணி அமைக்க ரிக்கி அனுப்பியது பஸ்ஸி பவாசியை. இராணுவத்திலிருந்து திரும்பியிருந்த முப்பத்தோரு வயது நிர்வாகி. போருக்கு முன்பே சிறு நகர அணிகளை நடத்திப் பழகியவர். பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கர்கள் அதிகம் உள்ள ஊரில் பகை குறைவாக இருக்கும் என்பது அவர் கணக்கு.

அவர் செய்த இன்னொரு காரியம் அதைவிடச் சாமர்த்தியமானது. உள்ளூர் நாளிதழான நாஷுவா டெலிகிராப்பின் ஆசிரியர் ஃபிரெட் டோபன்ஸை அணியின் தலைவராக்கிவிட்டார். ஊரில் எல்லோரும் படிக்கும் ஒரே தினசரி அணியின் பக்கம் நின்றது. இரண்டு வீரர்களைப் பற்றிய செய்திகள் முதல் நாளிலிருந்தே விளையாட்டுச் செய்தியாக வந்தன, பரபரப்புச் செய்தியாக அல்ல. இன்றைய பார்வையில் பத்திரிகை தர்மம் குறித்துக் கேள்வி எழும், எழத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆண்டு நாஷுவாவில் மைதானத்துக்கு உள்ளே பெரிய கலவரம் ஏதும் நடக்காததற்கு நல்லெண்ணம் மட்டுமல்ல, இந்த ஏற்பாடும் காரணம்.

அந்த இருவரும் எப்படி ஆடினார்கள்?

கேம்பனெல்லாவுக்கு அப்போது 24 வயது. பதினைந்து வயதிலிருந்தே நீக்ரோ லீக்குகளில் (கறுப்பினருக்கென்று தனியாக நடந்த லீக்குகள்) எலீட் ஜயன்ட்ஸ் அணிக்கு ஆடியவர். 'பி' தரத்தில் அவருக்குக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. மாதம் 185 டாலருக்குச் சம்மதித்தார். முன்பு வாங்கியதைவிடக் குறைவு. பேட்டிங் சராசரி .290, 13 ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அடித்து எல்லாத் தளங்களையும் சுற்றி வருவது), 96 ரன் சேர்த்துக் கொடுத்தார், லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதும் அவருக்கே.

நியூகம்ப் பத்தொன்பது வயதுப் பையன், ஜூனில் இருபது நிறைந்தது. நெடிய உருவம், வேகப் பந்து. 14 வெற்றி, 4 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 2.21. மறு ஆண்டு கேம்பனெல்லா மாண்ட்ரியாலுக்கு ஏறிவிட, நியூகம்ப் நாஷுவாவிலேயே தங்கி 19 வெற்றி, 6 தோல்வி கண்டார். அந்த இரண்டாவது ஆண்டு அவருக்குத் தேவைதானா என்று இன்றும் விவாதம் உண்டு. எங்கள் கருத்தில் தேவையில்லை. மேஜர் லீக்கில் ஒரே நேரத்தில் எத்தனை கறுப்பின வீரர்களைக் கொண்டுவரலாம் என்று புரூக்ளின் அளந்து அளந்து நகர்ந்ததன் விலையை அவர் கொடுத்தார்.

.290, 2.21 போன்ற எண்களை எப்படிப் படிப்பது?

கிரிக்கெட் சராசரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பேஸ்பாலில் பேட்டிங் சராசரி என்பது ஆடிய வாய்ப்புகளில் எத்தனையில் பந்தை அடித்துப் பாதுகாப்பாகத் தளத்தை அடைந்தார் என்ற விகிதம். 400 வாய்ப்பில் 116 அடி என்றால் 116-ஐ 400-ஆல் வகுத்து .290. மூன்றில் ஒன்று கிடைத்தாலே பெரிய ஆட்டக்காரர்.

ஈ.ஆர்.ஏ. என்பது பிட்சர் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் விட்டார் என்பது. தடுப்பாளர் பிழையால் போன ரன்களைக் கழித்துவிட வேண்டும். எடுத்துக்காட்டாக 150 இன்னிங்ஸில் 37 ரன் விட்டால், 37-ஐ 9-ஆல் பெருக்கி 150-ஆல் வகுக்க, 2.22. மூன்றுக்குக் கீழே இருந்தால் நல்ல பிட்சர்.

இரண்டு இடங்களில் பழைய எண்கள் ஏமாற்றும். ஒன்று, 1940 முதல் 1953 வரை 'சாக்ரிஃபைஸ் ஃப்ளை' விதி நடைமுறையில் இல்லை. பந்தை உயரத் தூக்கி அடித்து, தான் அவுட்டாகி, மூன்றாம் தளத்தில் நின்றவரை ரன் எடுக்க வைத்தாலும், அது வீணான வாய்ப்பாகவே கணக்கில் ஏறியது. ஆகவே கேம்பனெல்லா போல ரன் சேர்த்துக் கொடுக்கும் ஆட்டக்காரரின் 1946 சராசரி, இன்றைய விதிப்படி கொஞ்சம் கூடியிருக்கும். இரண்டு, 'சேவ்' என்ற கணக்கு 1969-இல்தான் அதிகாரபூர்வமானது. நாஷுவா பிட்சருக்கு இத்தனை சேவ் என்று எங்காவது பார்த்தால், பிற்காலத்தில் யாரோ கூட்டிப் போட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேம்பனெல்லா அணியை நடத்தியதாகச் சொல்கிறார்களே?

ஆம், ஓர் ஆட்டத்தின் பிற்பகுதியில். அணியின் மேனேஜர் (களத்தில் அணியை நடத்தும் பயிற்சியாளர்) வால்டர் ஆல்ஸ்டன். அவரே ஆட்டக்காரராகவும் இருந்தார். தன்னை நடுவர் வெளியேற்றினால் பொறுப்பை எடுத்துக்கொள்ளும்படி கேம்பனெல்லாவிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார். 1946 ஜூனில் லாரன்ஸ் அணியுடன் ஆடியபோது அது நடந்தது. ஆல்ஸ்டன் வெளியேறும்போது நாஷுவா பின்தங்கியிருந்தது. ஏழாவது இன்னிங்ஸில் கேம்பனெல்லா மாற்று பேட்டராக அனுப்பியது ஒரு பிட்சரை: நியூகம்பை. பிட்சர்கள் பொதுவாக மட்டையைச் சும்மா சுழற்றிவிட்டு வருகிறவர்கள். நியூகம்ப் அந்த ரகமல்ல. அவர் இரண்டு ரன் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். நாஷுவா வென்றது. தொழில்முறை லீக்கில் வெள்ளை வீரர்களைக் கறுப்பினர் ஒருவர் நடத்திய முதல் சந்தர்ப்பம் என்று இது பதிவாகியிருக்கிறது. மேஜர் லீக்கில் கறுப்பின மேனேஜர் வர 1975 ஆயிற்று.

எதிர்ப்பே இல்லையா?

ஊருக்குள் குறைவு, வெளியூர் ஆட்டங்களில் இருந்தது. மிக மோசம் லின் ரெட் சாக்ஸ். பட் ஃபவ்லர் 68 ஆண்டுகளுக்கு முன் ஆடிய அதே லின். அவர்கள் நிறத்தைச் சொல்லிக் கத்திய வசைகளைக் கேட்டுப் பொறுக்காமல், ஆட்டம் முடிந்ததும் வெளியே போய் அவர்களைச் சண்டைக்கு அழைத்ததாகப் பவாசி பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதே மாநிலத்து மான்செஸ்டர் நகர அணியின் கேட்சர் ஒருவர் கேம்பனெல்லாவின் முகத்தில் மண்ணை வீசிய சம்பவமும் உண்டு.

இருவருக்கும் ரிக்கி விதித்த நிபந்தனை, திருப்பி அடிக்கக் கூடாது என்பது. சாந்தமான கேம்பனெல்லாவுக்கு அது ஓரளவு கைவந்தது. கோபக்காரரான நியூகம்ப் பட்ட பாடு வேறு.

கோழிக்குஞ்சுக் கதை உண்மையா?

உண்மை. நாஷுவா வீரர் அடிக்கும் ஒவ்வொரு ஹோம் ரன்னுக்கும் 100 கோழிக்குஞ்சு என்று உள்ளூர்க் கோழிப் பண்ணைக்காரர் ஒருவர் அறிவித்தார். அதிகம் அடித்தவர் கேம்பனெல்லா. பருவ முடிவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குஞ்சுகள் அவர் கணக்கில் சேர்ந்தன. அவற்றைப் பிலடெல்பியாவில் இருந்த தந்தைக்கு அனுப்பினார். காய்கறி விற்றுவந்த தந்தை அவற்றை வைத்துக் கோழி வளர்ப்பில் இறங்கினார்.

இரண்டாம் இடம் பிடித்த அணி எப்படி சாம்பியன்?

1946 லீக் பட்டியலில் முதலிடம் லின், இரண்டாமிடம் நாஷுவா. ஆனால் கோப்பை பட்டியலுக்கு அல்ல. 1930-களில் ஃபிராங்க் ஷாக்னஸி என்பவர் வகுத்த முறை அப்போது மைனர் லீக்குகள் முழுக்கப் பரவியிருந்தது: பருவ முடிவில் முதல் நான்கு அணிகள் மோதும், வென்றவர்கள் இறுதிக்குப் போவார்கள். நோக்கம் பணம்தான். ஒரே அணி ஜூலையிலேயே முந்திவிட்டால் மற்ற ஊர்களில் ஆகஸ்டில் ஒருவரும் டிக்கெட் வாங்க மாட்டார்கள். நான்காம் இடத்துக்குப் போட்டி இருந்தால் வாங்குவார்கள்.

அந்த முறைப்படி நடந்த இறுதியில் நாஷுவா லின்னை வீழ்த்தியது. 1947, 1948 கோப்பைகளும் நாஷுவாவுக்கே. ஆகவே 'சாம்பியன்' என்று படித்தால், பட்டியல் சாம்பியனா கோப்பைச் சாம்பியனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த லீக்கைப் பற்றிய பட்டியல்களில் முரண்பாடு வருவது பெரும்பாலும் இங்கேதான்.

1947, 1948-இல் வேறு முக்கிய வீரர்கள்?

டான் பேங்க்ஹெட். மேஜர் லீக்கில் பந்து வீசிய முதல் கறுப்பின பிட்சர் (1947 ஆகஸ்ட் 26, புரூக்ளின்), மட்டை பிடித்த முதல் வாய்ப்பிலேயே ஹோம் ரன் அடித்தவர். ஆனால் பந்துவீச்சு சோபிக்கவில்லை. 1948-இல் நாஷுவாவுக்கு அனுப்பப்பட்டு 20 வெற்றி, 6 தோல்வி கண்டார்.

அணி ஏன் கலைந்தது?

நிறப் பிரச்சினை காரணமில்லை. மூன்று கோப்பை வென்ற அணி கலைந்தது காசில்லாமல்.

முதலில் ஊரின் நிலை. நாஷுவாவின் பெரிய பஞ்சாலைகள் அப்போது டெக்ஸ்ட்ரான் நிறுவனத்தின் கையில். 1948-இல் அவற்றை மூடப் போவதாக நிறுவனம் அறிவித்தது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போகும் நிலை. விவகாரம் அமெரிக்க செனட் விசாரணை வரை போயிற்று. வாரக் கூலியில் மிச்சம் பிடித்து மைதானத்துக்கு வந்த கூட்டம்தான் அணியின் ஒரு கால் என்று மேலே சொன்னோம். அந்தக் கால் முறிந்தது.

அடுத்து பாஸ்டன். 1948 ஜூனில் பாஸ்டனின் முதல் தொலைக்காட்சி நிலையங்கள் ஒளிபரப்பைத் தொடங்கின. அந்த மாதமே பேஸ்பால் ஆட்டம் திரைக்கு வந்தது. அதே ஆண்டு பாஸ்டன் பிரேவ்ஸ் 1914-க்குப் பிறகு முதன்முறையாக நேஷனல் லீக்கை வென்றது (மேஜர் லீக்கின் இரு பிரிவுகள் நேஷனல் லீக், அமெரிக்கன் லீக்). பாஸ்டன் ரெட் சாக்ஸ் ஒரே ஓர் ஆட்டத்தில் அமெரிக்கன் லீக் பட்டத்தைக் கிளீவ்லாந்திடம் கோட்டைவிட்டது. ஒரே நகரின் இரண்டு அணிகளும் உச்சத்தில் இருக்கும்போது, ரயிலில் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கும் ஊரில் மூன்றாம் படி லீக்கை யார் பார்ப்பார்கள்? நியூ இங்கிலாந்து லீக்கின் எல்லா ஊர்களுக்கும் இதே கதைதான். மேற்கில் பெரிய நகரங்களிலிருந்து தொலைவில் இருந்த ஊர்களில் மைனர் லீக் இன்னும் சில ஆண்டு தாக்குப்பிடித்ததற்குத் தூரமும் ஒரு காரணம்.

மூன்றாவது, லீக் என்பது சங்கிலி. 1949 பருவத்தின் நடுவில் எட்டு அணிகளில் பாதி விலகின. எட்டு அணிக்குப் போட்ட அட்டவணை நான்கு அணியோடு ஓடாது: அதே மூன்று எதிரிகளோடு திரும்பத் திரும்ப ஆட வேண்டும், பார்க்க வருபவர்களுக்கும் அலுத்துவிடும். நாஷுவா கடைசி வரை நின்ற நான்கில் ஒன்று. ஆனால் பருவத்தோடு லீக்கே முடிந்தது. ஆட லீக் இல்லாத அணிக்குப் புரூக்ளின் பணம் போடவும் காரணமில்லை.

விசித்திரம் என்னவென்றால் 1949-இல்தான் மைனர் லீக் தன் வரலாற்றின் உச்சத்தைத் தொட்டது: 59 லீக்குகள், ஏறக்குறைய நான்கு கோடிப் பார்வையாளர்கள். நியூ இங்கிலாந்தின் சரிவு, அடுத்த பத்தாண்டில் நாடு முழுக்க வரப்போவதை முன்கூட்டியே காட்டியது.

பிறகு அவர்கள் என்ன ஆனார்கள்?

நியூகம்ப் 1949-இல் சிறந்த புதுமுகம். 1956-இல் முதன்முதலாக வழங்கப்பட்ட, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும், அதே ஆண்டு நேஷனல் லீக்கின் சிறந்த வீரர் விருதும் அவருக்கு. 2019-இல் மறைந்தார். கேம்பனெல்லா 1951, 1953, 1955 என மூன்று முறை லீக்கின் சிறந்த வீரர். 1958 ஜனவரியில் கார் விபத்தில் தோளுக்குக் கீழே செயலிழந்தது. மீதி வாழ்நாள் சக்கர நாற்காலியில். 1969-இல் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டார், 1993-இல் மறைந்தார். ஆல்ஸ்டன் 1954 முதல் 1976 வரை டாட்ஜர்ஸின் மேனேஜர். பவாசி 1968 வரை அதே அணியின் பொது மேலாளர்.

1955-இல் புரூக்ளின் முதன்முறையாக உலகத் தொடரை (மேஜர் லீக்கின் இறுதிப் போட்டி) வென்றபோது பொது மேலாளர் பவாசி, மேனேஜர் ஆல்ஸ்டன், கேட்சர் கேம்பனெல்லா, முதல் ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சர் நியூகம்ப். நால்வரும் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நாஷுவாவில் ஒரே நேரத்தில் வேலை பார்த்தவர்கள்.

இந்த அணியின் ஓர் ஆட்டத்தை நானே தேடிச் சரிபார்க்க முடியுமா?

முடியும். மற்ற சிறு நகர அணிகளுக்கும் இதே வழிதான்.

முதலில் பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தின் மைனர் லீக் பகுதியில் 1946 நாஷுவா பக்கத்தை எடுங்கள். யார் யார் ஆடினார்கள் என்ற பெயர்ப் பட்டியலும் பருவக் கூட்டுத்தொகையும் கிடைக்கும். தனித்தனி ஆட்டம் கிடைக்காது. அதற்கு நாஷுவா டெலிகிராப்பின் பழைய இதழ்கள் வேண்டும். கூகுள் செய்தி ஆவணக் காப்பகத்தில் அவற்றைப் படமாகப் பார்க்கலாம். சொல் தேடலை நம்பாதீர்கள்: பழைய அச்சு எழுத்தை இயந்திரம் தப்பாகப் படித்திருக்கும், 'கேம்பனெல்லா' என்ற பெயர் பத்து விதமாகச் சிதைந்திருக்கும். தேதி வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே வழி. இரவு ஆட்டத்தின் விவரம் மறுநாள் இதழில். சனிக்கிழமை இரவு என்றால் திங்கள்கிழமை.

ஆட்ட விவரக் கட்டம் கிடைத்ததும் அதைக் கூட்டிப் பாருங்கள். விதி இது: ஓர் அணியின் பேட்டர்கள் மொத்தம் எத்தனை முறை மட்டை பிடித்தார்களோ அந்த எண், அவர்கள் எடுத்த ரன், தளத்திலேயே விடப்பட்டவர்கள், எதிரணி எடுத்த அவுட் மூன்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். நாஷுவா 5 ரன், தளத்தில் விடப்பட்டவர் 6, எதிரணி எடுத்த அவுட் 27 என்றால் மொத்தம் 38. பத்திரிகைக் கட்டத்தின் முதல் பத்தியில் இருப்பது மொத்த முறை அல்ல. அதோடு நடைத்தளம் பெற்றவை (பிட்சர் நான்கு முறை தவறாக வீசியதால் இலவசமாகத் தளம் கிடைத்தவை), வீசிய பந்து பேட்டர் மேலே பட்டவை, தியாக அடிகள் (மெல்லத் தட்டி, தான் அவுட்டாகி மற்றவரை முன்னேற்றியவை) ஆகியவற்றைக் கூட்ட வேண்டும். அவை கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும்.

சரியாக வரவில்லையா? பதறுவதற்கு முன் அவுட் எண்ணிக்கையைப் பாருங்கள். சொந்த மைதானத்தில் முந்தியிருக்கும் அணி ஒன்பதாவது இன்னிங்ஸில் மட்டை பிடிக்காது. அப்போது எதிரணி எடுத்த அவுட் 27 அல்ல, 24. அதன் பிறகும் ஒன்றோ இரண்டோ இடித்தால் பெரும்பாலும் அச்சுப் பிழை. எதிரணி ஊரின் நாளிதழில் அதே ஆட்டத்தைத் தேடி ஒப்பிடுங்கள். மான்செஸ்டர், லின், பாட்டக்கெட், போர்ட்லண்ட் எல்லாவற்றுக்கும் உள்ளூர்ப் பத்திரிகை இருந்தது, நுண்படச் சுருள்கள் அந்தந்த ஊர் அல்லது மாநில நூலகத்தில் கிடைக்கும்.

அதிகம் நேரும் தவறுகள் எவை?

பெயர்க் குழப்பம் முதலில். 'மில்லியனர்ஸ்' என்ற பெயரில் 1920-களில் நாஷுவாவுக்கு ஓர் அணி இருந்தது. 1946-இல் அதே பெயரில் இருந்தது லாரன்ஸ் அணி. பழைய படத்தின் பின்னால் 'மில்லியனர்ஸ்' என்று எழுதியிருந்தால் எந்த ஊர், எந்தப் பத்தாண்டு என்று சீருடையையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கோப்பை ஆட்டங்களின் ஹோம் ரன்னைப் பருவக் கணக்கோடு கூட்டிவிடுவதும் அடிக்கடி நடக்கும். கேம்பனெல்லாவின் 13 பருவ ஆட்டங்களுக்கு மட்டுமான எண்.

பழைய நாஷுவா சீருடை, டிக்கெட் என்று விற்கிறார்கள். வாங்கலாமா?

துணியைத் தொட்டுப் பாருங்கள். 1940-களின் பேஸ்பால் சீருடை கனமான கம்பளி ஃபிளானல். பாலியெஸ்டர் கலந்த பின்னல் துணி மேஜர் லீக்கிலேயே 1970-இல்தான் வந்தது. வழுவழுப்பாகவும் இழுத்தால் நீள்வதாகவும் இருந்தால் கேள்வியே இல்லை, பிற்காலப் பிரதி.

தாய் அணி ஆடித் தேய்ந்த சீருடைகளைத் துணை அணிகளுக்குத் தள்ளிவிடுவது அன்று வழக்கம். ஆகவே மார்பில் பழைய எழுத்தைப் பிரித்த ஊசித் துளைகளும், அந்த இடத்தில் மட்டும் நிறம் வெளுக்காமல் நிற்பதும் குறை அல்ல, நல்ல அறிகுறி. தையல் நூலைப் புற ஊதா விளக்கில் காட்டுங்கள்: பளீரென்று நீல வெண்மையில் ஒளிர்ந்தால் நூல் பிற்காலத்தது. டிக்கெட்டுக்கும் அட்டவணைத் தாளுக்கும் இதே சோதனை செல்லும், ஏனெனில் தாளில் ஒளிரூட்டும் ரசாயனம் பரவலாகச் சேர்க்கப்பட்டது 1950 வாக்கில்தான். ஒன்று மட்டும் கவனம்: இன்றைய சலவைத்தூளில் துவைத்த பழைய துணியும் ஒளிரும். துணி முழுவதும் ஒளிர்ந்தால் துவைத்திருக்கலாம். நூல் மட்டும் ஒளிர்ந்தால்தான் சந்தேகம்.

39, 36 என்ற எண்களை மட்டும் பார்த்து கேம்பனெல்லா, நியூகம்ப் சீருடை என்று பணம் கொடுத்துவிடாதீர்கள். அவை புரூக்ளினில் அவர்கள் அணிந்த எண்கள்.

மைதானம் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. ஆம்ஹெர்ஸ்ட் தெருவில் ஹோல்மன் ஸ்டேடியம். 1930-களின் வேலையில்லாத் திண்டாட்டத்தில் மத்திய அரசின் நிவாரண வேலைத் திட்டமும் நகரமும் சேர்ந்து, உள்ளூர்க்காரர் ஒருவரின் நன்கொடையோடு கட்டியது, 1937-இல் திறந்தது. ஆடுகளத்தின் எல்லை மதிலில் ராபின்சனின் 42, கேம்பனெல்லாவின் 39, நியூகம்பின் 36 ஆகிய எண்கள் இருக்கின்றன.

டாட்ஜர்ஸுக்குப் பிறகு 33 பருவங்கள் அங்கே மைனர் லீக் அணி இல்லை. 1983-இல் டபுள் ஏ அணி ஒன்று வந்தது, 1986 பருவத்தோடு ஹாரிஸ்பர்க்குக்குப் போய்விட்டது. அடுத்து எந்தத் தாய் அணியையும் சாராத அணிகள். அவற்றில் நீண்ட நாள் நின்றது நாஷுவா பிரைட், 1998 முதல் 2008 வரை. 2011 முதல் ஆடுவது சில்வர் நைட்ஸ். கல்லூரி மாணவர்கள் கோடை விடுமுறையில் சம்பளமில்லாமல் ஆடும் அணி. மே இறுதியிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை ஆட்டம் இருக்கும். அந்த மாதங்களில் போனால் டிக்கெட் எடுத்து உள்ளே உட்கார்ந்தே மதிலைப் பார்க்கலாம்.